நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை

பத்துக்கு ஐந்துக்குக் குறைத்து மார்க் போடக் கை வராத என் பிலோ அக்காவுக்கு,

உன் பெண் ரோஸிக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். வேறு யாராவது கல்லறைக்கு வந்து போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, மொத்த வகுப்புக்கும் பூஜ்யம். திட்டுவதென்றால் திட்டிக்கொள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, நாம் இரண்டு பேரும் விடைத்தாள் திருத்துகிற அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உன் நாற்காலியில் ரோஸி. அவளும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சாவி கிடக்கிறது. அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் எடுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு நம்மை யாரென்று தெரியாதே. நீ பெரிய மருமகள், நான் சின்ன மருமகள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு, வல்லம் வடகால் சாலையில் இருக்கிற ஒரே பயிற்சி மையத்தில் ஒரே பாடத்தை நடத்தினோம். தொழிற்சாலைக்கு வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம். வந்த புதிதில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இந்த மேசையில் முதல்முதலாக விடைத்தாள் கட்டைப் பிரித்த அன்று, தலைகால் புரியாத ஒரு கட்டுரைக்கு நீ எட்டு போட்டதைப் பார்த்து, "அக்கா, உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டேன். அதோடு 'நீங்க' போயிற்று.

நாம் திருத்துகிற முறையே தனி. ஒருத்தி வாசிப்பாள், இன்னொருத்தி தாளைப் பார்க்காமல் மார்க் சொல்வாள். தாளைப் பார்த்தால் கையெழுத்து தெரியும், கையெழுத்து தெரிந்தால் பிள்ளையின் முகம் வரும், முகம் வந்தால் மார்க் கூடும் என்று நீதான் அந்த ஏற்பாட்டைச் செய்தாய். பேர் எழுதக் கூடாது என்பது விதி. கடிதமோ ரிப்போர்ட்டோ, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் மூன்று எக்ஸ் போட வேண்டும். சொந்தப் பேரை எழுதினால் மார்க் போய்விடும். பிள்ளைகள் அதில் எவ்வளவு ஊறிப்போயிருந்தார்கள் என்றால், நிஜமான விடுப்புக் கடிதத்திலும் மூன்று எக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். லீவு கேட்டது எவன் என்று நீயும் நானும் வகுப்பு வகுப்பாகத் தேடியது நினைவிருக்கிறதா?

தாளில் இரண்டு பகுதி. முதலில் ஒரு கட்டுரை. அடுத்தது நடைமுறை எழுத்து: விடுப்புக் கடிதம், ஷிஃப்ட் மாற்றிவிடும் குறிப்பு, விபத்து ரிப்போர்ட். அந்த விபத்து ரிப்போர்ட்தான் பிள்ளைகளுக்கு எமன். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நீ ஒரு மாதிரி விடை எழுதிக் கொடுத்தாய். சின்னச் சின்ன வாக்கியம். இன்ன மெஷின், இன்ன நேரம், இன்ன கோளாறு, உடனே நிறுத்தினோம், மேலதிகாரியிடம் சொன்னோம். கடைசி வரி, "ஃபார்ச்சுனேட்லி, நோபடி வாஸ் இஞ்ஜர்டு." நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

அந்தக் கடைசி வரி எதற்கு என்று அப்போதே கேட்டேன். "அடிபட்டுச்சுன்னு எழுதினா ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தையல் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதணும்டி. அவ்ளோ வார்த்தைக்கு இதுங்க எங்க போவும்? அடிபடலன்னு சொல்லி முடிச்சுடு, புள்ளைங்க பாஸ் ஆயிடும்" என்றாய். சிரித்தேன். பிள்ளைகள் பாஸ் ஆனார்கள். நீ செய்தது பாவம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரி நீ போன பிறகும் வேலை செய்துகொண்டிருக்கிறது அக்கா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன தவக்காலத்தில் நீ கண்ணை மூடினாய். அதற்குச் சில மாதம் கழித்து ரோஸி டிப்ளமா முடித்து, நம் மையத்துக்குப் பின்னால் இருக்கிற பிரஸ் மெஷினில் தகடு அடிக்கும் அந்தத் தொழிற்சாலையிலேயே டிரெயினியாகச் சேர்ந்தாள். நான் வேண்டாம் என்றேன், மாமா, அவள் அப்பாவே, சரி என்றுவிட்டார். கெட்டிக்காரி, உன்னைப் போலவே வாய். சீக்கிரமே ஒரு லைனுக்குப் பொறுப்பு லீடர் ஆக்கிவிட்டார்கள். நிரந்தர லீடருக்கு இந்தப் புதன்கிழமை நேர்முகம்.

இதற்கிடையில் தொழிற்சாலை புதிதாக ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. ஒவ்வொரு டிரெயினியும் வாரம் ஒரு 'நியர் மிஸ்' ரிப்போர்ட் எழுத வேண்டும். அதாவது விபத்து நடக்கப் பார்த்து நடக்காமல் போனது. அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதையே நம் மையம் நடைமுறை எழுத்தாக எடுத்துக்கொண்டு மார்க் போட வேண்டும். அந்தத் தாளில் தேறியவர்கள்தான் மெஷினில் தனியாக நிற்கலாம். எச்சரிக்கைப் பலகையைப் படிக்கவும் நடந்ததை எழுதவும் தெரிந்தவர் என்று அதற்கு அர்த்தம். கேட்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம் பாடத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது, பிலோ அக்கா இல்லாமல் போனாளே என்று நினைத்தேன்.

வாரத்துக்கு ஒன்று என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உன் நோட்ஸுக்குத்தான் போனார்கள். நீ எழுதியதை எடுத்து, மெஷின் பேரையும் நேரத்தையும் மாற்றி, கடைசி வரியைப் போட்டு, மூன்று எக்ஸ். கட்டுக் கட்டாக வந்தது. பிழையே இல்லை. வாசிக்க இப்போது ஆளும் இல்லை. தனியாக உட்கார்ந்து ஒன்பது, ஒன்பது, எட்டரை என்று போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இசக்கி என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும். மூன்று வாரம் முன்னால் அவள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கமா உட்பட உன் நோட்ஸாகவே இருக்கிறதே என்று எரிச்சலில் அவளைக் கூப்பிட்டேன்.

"இது நெஜமாவே நடந்ததா, இல்ல நோட்ஸ மாத்தி எழுதுனியா?"

"நடந்துச்சு மேடம். ஏழாம் பிரஸ்சுல. நான் பட்டனைத் தொடவே இல்ல, அதுவா எறங்கிட்டு. கிளவுஸ் நுனி மாட்டிக்கிட்டு. வெடுக்குன்னு கைய உருவிட்டம்லா! கிளவுஸ் மட்டும் உள்ள அப்பளமாக் கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வலது கையை விரித்துக் காட்டினாள். பாதி அழிந்த மருதாணி போட்ட விரல்கள்.

"அப்போ இதை ஏன்டி எழுதல?"

"அதுக்கு எனக்கு இங்கிலீசு தெரியாதே மேடம். மொதல்ல ஒருவாட்டி சொந்தமா எழுதுனேன். நீங்க நாலு போட்டிய. நோட்ஸுல இருக்கமாதிரி எழுதுனா ஒம்பது போடுதிய. கடைசி வரி பொய்யில்லல்லா, எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஏழாம் பிரஸ் இப்படி எறங்குறது இதுதான் முதல் தடவையா?"

"அய்யே, எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். ஏழுல நிக்க ஆளு ஒரு கண்ண மேலயே வச்சிருக்கணும்." அதற்கும் சிரிப்பு.

அவள் போன பிறகு பழைய கட்டுகளின் நகலை எல்லாம் எடுத்து இந்த மேசையில் பரப்பினேன். ஏழாம் பிரஸ் பேர் நிறைய ரிப்போர்ட்டில் இருந்தது. ஆனால் எது நடந்தது, எது உன் நோட்ஸிலிருந்து எடுத்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே குரல், உன் குரல். எத்தனை பிள்ளைகள் கையை உருவிக்கொண்டு ஓடிவந்து எனக்கு எழுதினார்கள்? நான் எத்தனை பேருக்கு ஒன்பது போட்டேன்?

மறுநாளே தொழிற்சாலைக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி சின்னப் பையன்தான், மரியாதையானவன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். ஏழாம் பிரஸ்ஸை நிறுத்திப் பாருங்கள் சார் என்றேன். அலமாரியிலிருந்து ஒரு பெரிய ஃபைலை எடுத்துப் பிரித்தான்.

"மேடம், எல்லா ரிப்போர்ட்டும் கிளீனா இருக்கு. ஒரு இஞ்சுரி கிடையாது. இதைக் காட்டித்தான் போன ஆடிட்ல எங்களைப் பாராட்டினாங்க. பாருங்க, ஒன்பது, ஒன்பது, எட்டரை. இது உங்க சைன்தானே?"

"நான் இங்கிலீஷைத்தான் பார்த்தேன் சார். நீங்க இதெல்லாம் படிக்கிறது இல்லையா?"

"சென்டர்ல படிச்சுட்டுத்தானே மேடம் எங்களுக்கு அனுப்புறீங்க?"

அவன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. உண்மையாகவே கேட்டான். நாங்கள் படிப்போம் என்று அவர்கள் இருந்தார்கள், அவர்கள் படிப்பார்கள் என்று நான் இருந்தேன். அந்த அறையில் என் தம்ளர்த் தண்ணீர், பிரஸ் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சரக்கு டிஸ்பாட்ச் முடியட்டும், மேலிடத்தில் பேசுகிறேன் என்றான்.

வெளியே வரும்போது கேட்டில் இருக்கிற வாட்ச்மேன், நம்ம ஊர்க்காரர்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், ஏழு நம்பரா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "எல்லாருக்கும் தெரியும். ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி வெச்சாங்க, பூசணிக்கா சுத்திப் போட்டாங்க. அது அப்டியேதான் கீது" என்றார். வாட்ச்மேன் முதல் கேன்டீன் வரை தெரிந்த விஷயம், ஃபைலில் மட்டும் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் யார்? பிரஸ்ஸை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா? புகார் எழுதினால் யார் கேட்பார்கள்? எனக்கென்று இருப்பது ஒரு சிவப்புப் பேனா. அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது. தாளில் தேறாதவர்கள் மெஷினில் தனியாக நிற்கக் கூடாது. அடுத்த கட்டு வந்தது. எல்லாம் உன் நோட்ஸ். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ரோஸியின் கையெழுத்து எனக்குத் தெரியும், உன்னுடையதைப் போலவே வலது பக்கம் சாய்ந்திருக்கும். அவள் தாள் வந்தபோது பேனா ஒரு நிமிஷம் நின்றது. ஒரே நிமிஷம்தான்.

கீழே, "மறுதேர்வு. நடந்ததை உங்கள் வார்த்தையில் எழுதவும். ஆங்கிலம் வராத இடத்தில் தமிழில் எழுதலாம். சொந்தப் பேர் போடவும்" என்று எழுதி அனுப்பினேன்.

ஐயோ, வந்தது பார் சண்டை! பிரஸ் லைனில் நிற்க ஆள் இல்லை. தொழிற்சாலையிலிருந்து போன், மையத்தில் கூட்டம். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்? திங்கட்கிழமைக்குள்ள மார்க்கைத் திருத்திக் கொடுங்க. இல்லன்னா வேற ஆளை வெச்சுத் திருத்திக்கிறோம், நீங்களும் வேற வேலையைப் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "வேற ஆளு வந்து ஒன்பது போடட்டும் சார். அந்தக் கை போச்சுன்னா அதுக்கு எவ்வளவு போடுவாங்கன்னும் கேட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். நீ இருந்திருந்தால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாய்.

பிரின்சிபாலைச் சமாளித்துவிட்டேன். இசக்கியைத்தான் சமாளிக்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"மேடம், பாஸ் போட்டுருங்க. இல்லன்னா ஊருக்கு அனுப்பிருவாவ. வீட்டுல எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காவ, வேலைன்னு சொல்லித்தான் தப்பிச்சு வந்தேன்."

"உன் கைக்குத்தான்டி நான் இதைச் செய்யறேன்."

"கை என்னது மேடம். நான் பாத்து நிப்பேன்."

அவளுக்கு நீ என்ன சொல்லியிருப்பாய்? அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ரோஸி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா சித்தி நீ? இண்டர்வியூவ வெச்சிக்கினு எனக்கே பூஜ்யம் போடறே! எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அம்மா இருந்தா இப்டிப் பண்ணியிருப்பாங்களா?"

விடவில்லை நானும். "உங்கம்மா எழுதின வரியத்தான்டி நீங்க எல்லாம் எழுதிக்கினு கீறீங்க. ஏழாம் பிரஸ்ஸுல என்னிக்காவது ஒரு கை போவும். அப்பவும் அந்த வரியைத்தான் எழுதுவீங்களா?"

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினாள். "அது சில நேரம் தானா எறங்கும். கை உள்ள இருந்தா சென்சார் நிறுத்திடணும். ஆனா சென்சார் போட்டா அடிக்கடி நின்னுடுது, டார்கெட் முடியாது. அதனால சென்சாரை ஆஃப் பண்ணித்தான் ஓட்டறோம். அதுக்கு ஒரு சாவி கீது. அந்தச் சாவி யார் கைல கீது தெரியுமா? லீடர் கைல!"

கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டைக் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். அதில் சாவியும், பக்கத்திலேயே உன் சின்னச் சிலுவையும் கோத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கயிற்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் அக்கா. உன் மேல் வந்த கோபத்தில் அழுதேன், நீ இல்லையே என்றும் அழுதேன்.

பூஜ்யம் போட்டு ஒரு காரியமாவது ஆயிற்று, ஏழாம் பிரஸ் நிற்கும் என்று நினைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நேற்றுக் காலை ஒரு வேனில் காண்ட்ராக்ட் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்குத் தேர்வும் கிடையாது, ரிப்போர்ட்டும் கிடையாது. ஒருத்தியைக் கொண்டுபோய் நேராக ஏழில் நிறுத்திவிட்டார்கள்.

இதை ரோஸிதான் வந்து சொன்னாள். நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பொண்ணு பேருகூட எனக்குத் தெரியாது சித்தி. தகட்டை உள்ள வெச்சிக்கினு இருந்தா. கண்ணுல முடி விழுந்துச்சு, ஒதுக்கறதுக்குக் கைய வெளிய எடுத்தா. அந்த நேரம் பார்த்து பிரஸ் எறங்கிச்சு. தானாவே. முடி மட்டும் விழலன்னா..." "நல்லவேளை..." என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

பிறகுதான் சொன்னாள். அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி சென்சாரைப் போட்டுவிட்டாளாம். சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டைத் தாண்டி வந்துவிட்டாள். இன்னொரு சாவி மேனேஜர் அறையில் பூட்டி இருக்கிறது. அவர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை காலை வருகிறார். அதுவரைக்கும் சென்சார் இல்லாமல் யாராலும் ஏழாம் பிரஸ்ஸை ஓட்ட முடியாது. கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சிலுவையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அதிலிருந்துதான் போன் அடிக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் செய்தியும் அனுப்பியிருக்கிறார். கம்பெனி சாவியை எடுத்துக்கொண்டு போனது திருட்டு, போலீஸுக்குப் போவோம், நாளைக்கு வேலைக்கே வர வேண்டாம் என்று. மாமாவிடம் காலையில் பூசைக்குப் போகிற வழியில் சொன்னோம். கோயிலில் ரோஸி பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

நம் மையம் வரைக்கும்தான் அந்தப் பிரஸ் சத்தம் கேட்கும் என்பாய். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வீட்டுக்கே கேட்கிறது அக்கா. ஏழு பெரிய பிரஸ் என்பதால் அதன் சத்தம் தனியாகத் தெரியும். இன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. இரண்டு அடி அடிக்கும், நின்றுவிடும். மறுபடி ஓர் அடி, மறுபடி நிற்கும். அது ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நானும் ரோஸியும் தலையை நிமிர்த்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். இவ்வளவு வருஷத்தில் அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதே இல்லை. நாளைக் காலை மேனேஜர் வந்து பூட்டைத் திறந்தால், அது மறுபடி விடாமல் கேட்க ஆரம்பித்துவிடும்.

ரோஸி என்ன எழுதுகிறாள் என்று சொல்லவில்லையே. ரிப்போர்ட் எழுதுகிறாள். நோட்ஸ் இல்லாமல் எழுதுகிறாள். தானாக இறங்கியது, சென்சார் ஆஃப் செய்யப்பட்டிருந்தது, செய்யச் சொன்னது யார், எந்த நாளிலிருந்து, இசக்கியின் கிளவுஸ், அந்தப் பெண்ணின் முடி, எல்லாவற்றையும். இரண்டு இடத்தில் ஆங்கிலம் வரவில்லை, தமிழில் எழுதிவிட்டாள். காலத்தையும் ஏகப்பட்ட இடத்தில் குழப்பியிருக்கிறாள். என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போதுதான் தலையைத் தூக்கிக் கேட்டாள். "சித்தி, கடைசி வரி என்னா போடறது?"

உன் குரலில் கேட்டாள் அக்கா.

"கடைசி வரி வேணாம் கண்ணு. அந்த எடத்துல உன் பேரை எழுது."

"எக்ஸ் போடாமயா?"

"போடாம."

போன் அடித்து ஓய்ந்தது. பிறகு முழுப்பேரையும் எழுதினாள், ரோஸ்லின் என்று. அதற்குக் கீழே, சாவி என்னிடம்தான் இருந்தது என்றும் எழுதினாள். தாளை என் பக்கம் தள்ளினாள். நான் மார்க் போடவில்லை. அவள் பேருக்குக் கீழே என் பேரை எழுதினேன், இத்தனை நாள் அந்தக் கடைசி வரிக்கு ஒன்பது போட்டவள் நான்தான் என்று சேர்த்து எழுதினேன். அதன் நகல் தொழிற்சாலைக்கு மட்டும் போகாது. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் போகும். அங்கே யாராவது படிக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

ரோஸிக்கு வேலை போகலாம். எனக்கும் போகலாம். போலீஸ் வந்தாலும் வரலாம். எனக்குப் பயமாக இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. நாளைக் காலை மேனேஜர் கார் வருவதற்கு முன்னால் நாங்கள் கேட்டில் நிற்போம். சாவி என் முந்தானையில் முடிந்திருக்கும், அதைக் கேட்கிறவர்கள் முதலில் ரிப்போர்ட்டை என் எதிரிலேயே வாய்விட்டுப் படிக்க வேண்டும். நீ வாசிப்பாயே, அந்த மாதிரி, ஒரு வரி விடாமல். அந்தக் காண்ட்ராக்ட் பெண் வேனிலிருந்து இறங்கும்போது முதல் வேலையாக அவள் பேரைக் கேட்பேன். பேரைக் கேட்ட பிறகுதான் அவளை உள்ளே விடுவேன்.

சத்தம் நின்றிருக்கிறது. ரோஸி தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன்.

எக்ஸ் போடாமல், பேரை மறைக்காமல்,
உன் ஓரகத்தி, உன் ரோஸிக்குச் சித்தி,
ஜெயராணி